திருநீறு பூசிய ஒட்டு மெஷின்

மலர்க்கொடியிடம் என்ன வேலை பார்க்கிறாய் என்று யார் கேட்டாலும், "கண்ணாடி ஒட்டுறேன்" என்பாள். அப்படிச் சொல்லிச் சொல்லியே மலாக்கா பக்கத்து அலோர் காஜாவில் பாதிப் பேரை அவள் குழப்பி வைத்திருந்தாள். மாடிப்படிக்குக் கீழே குடியிருந்த இருசம்மாள் கைப்பிடி போன முகம் பார்க்கும் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பாசாரில் கருவாடு விற்கிறவர் விரிசல் விட்ட மீன்தொட்டியையே சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவரிடம் மலர்க்கொடி அரை மணி நேரம் நின்று விளக்கினாள்.

"அங்கிள், நான் ஒட்டுற கண்ணாடி தலமுடி அளவுதான் இருக்கும். ரோட்டுக்குக் கீழ ஓடுது. அதுக்குள்ள வெளிச்சம் போகும், வெளிச்சத்துல ஏறிக்கிட்டு நம்ம போன் பேச்செல்லாம் போகும். செம்புக் கம்பி காலம் முடிஞ்சிருச்சு."

கருவாட்டுக்காரர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். பிறகு, "அப்ப தொட்டிய எப்ப வந்து எடுத்துக்கலாம்?" என்றார்.

இது தொண்ணூற்றாறாம் ஆண்டு. மலர்க்கொடிக்கு இருபத்தெட்டு வயது. லூபோக் சீனா பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, ஐந்தாம் படிவம் முடித்து, மலாக்கா சிப் தொழிற்சாலையில் ஆறு வருஷம் உட்கார்ந்தவள். அங்கே பூதக்கண்ணாடியில் கண்ணை வைத்தபடி, கண்ணுக்கே தெரியாத தங்கக் கம்பியை ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குக் கட்டுகிற வேலை. விரல் நடுங்காது. மூச்சைக்கூட எண்ணித்தான் விடுவாள். ராத்திரி ஷிப்டும் பகல் ஷிப்டும் மாறி மாறி வந்ததில் சோறு எப்போது, தூக்கம் எப்போது என்பதே மறந்துபோய், ஒருநாள் பல் துலக்கிவிட்டுக் குளிப்பதற்குப் பதிலாக மறுபடியும் பல் துலக்கினாள். அன்றைக்குத்தான் வேறு வேலை தேட வேண்டும் என்று முடிவு செய்தாள்.

ஜைனுதீன் பாய் ரோட்டைத் தோண்டிக் கேபிள் புதைக்கும் கான்ட்ராக்டர். தோண்டுவதற்கும் இழுப்பதற்கும் அவரிடம் நல்ல ஆட்கள் இருந்தார்கள். ஒட்டுவதற்குத்தான் ஆள் இல்லை. மண்வெட்டி பிடித்த விரலில் அந்தக் கண்ணாடி நூல் பட்டதும் ஒடிந்துவிடும். ஆள் தேடி அவர் வைத்த பரீட்சை ரொம்பச் சின்னது. நூலில் ஒரு துண்டை ஸ்டோர் தரையில் போட்டுவிட்டு, "எடு பாக்கலாம்" என்பார். அதுவரை வந்த ஐந்து பேரில் மூன்று பேருக்கு அது கண்ணிலேயே படவில்லை, இரண்டு பேருக்கு விரலில் குத்திவிட்டது. மலர்க்கொடி குனிந்தாள், நான்கு துண்டுகளோடு நிமிர்ந்தாள்.

"நான் ஒண்ணுதானே போட்டேன்," என்றார் பாய்.

"மத்த மூணும் முன்னாடி வந்தவங்களோடது."

அன்றைக்கே வேலை கொடுத்தார்.

கொடுத்த நாளிலிருந்து அவள் ஏதாவது ஒன்றைப் புதிதாகச் செய்துகொண்டே இருந்தாள். அதில் ஒன்றைக்கூட அவள் பெரிதாக நினைக்கவில்லை. அவள் நினைக்காவிட்டால் என்ன, அவை பெரியவைதான். வெட்டிப்போட்ட நூல்துண்டு கண்ணில் பட வேண்டும் என்று மடியில் கறுப்புத் துணி விரித்துக்கொண்டாள். வேலை நடக்கும் ரோட்டோரக் கூடாரத்துக்குள் காற்று புகுந்து, நூலை உருக்கி ஒட்டும் மெஷினின் தீப்பொறியை அலைக்கழிக்கக் கூடாது என்று கேக் டப்பாவின் மூடியை மெஷின்மேல் கவிழ்த்து, கை விட இரண்டு ஓட்டை போட்டாள். ஒரு கேபிளில் பன்னிரண்டு நூல், பன்னிரண்டு நிறம், அந்த வரிசை மாறவே கூடாது. அதற்குத் தோட்டத்து லயத்து வீடுகளின் கொடியில் ஒரு குடும்பமே துணி காயப்போட்ட மாதிரி மனதில் வரிசை கட்டிவிட்டாள். பள்ளிக்கூடப் பாவாடை நீலம், பக்கத்து வீட்டுச் சாமியார் வேட்டி ஆரஞ்சு, பெரியம்மாவின் பட்டு பச்சை என்று போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் சின்னப் பெண்ணின் ரோஜா நிறப் பாவாடையும், அதை ஒட்டி யாருடையது என்றே தெரியாத ஒரு கடல்நீலத் துண்டும் தொங்கும்.

இத்தனையும் இருந்தும் அவளிடம் அட்டை இல்லை. பெரிய டெலிபோன் கம்பெனி ஒட்டுக்காரர்களுக்குப் படம் போட்டு, ஸ்பிளைசர் என்று அச்சடித்து ஓர் அட்டை கொடுக்கும். அது இல்லாதவர் ஒட்டினால் கணக்கில் வராது. எட்டு மாதமாக அவள் ஒட்டியதற்கெல்லாம் சிரம்பானிலிருந்து அட்டைக்காரர் ஒருவர் வந்து, கூடாரத்துக்கு வெளியே சிகரெட் பிடித்துவிட்டு, தன் பெயரில் கையெழுத்துப் போட்டுப் போனார். அவள் ஒட்டிய நூலில் மலாக்காவே பேசிக்கொண்டிருந்தது. காகிதத்தில் அவள் பெயர் மட்டும் எங்கும் இல்லை.

பாய் நடையாய் நடந்து ஒரு பரீட்சைக்கு ஏற்பாடு செய்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலை, அலோர் காஜா அரசாங்க ஆபீஸ்கள் பக்கம் உள்ள மேன்ஹோலில் பன்னிரண்டு நூலையும் மலர்க்கொடி ஒட்ட வேண்டும். என்சிக் என்று எல்லாரும் மரியாதையாகக் கூப்பிடும் கம்பெனி அதிகாரி ஹலிம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தில் அளக்கும் கருவியோடு உட்கார்ந்து, ஒவ்வோர் ஒட்டிலும் எவ்வளவு வெளிச்சம் சிந்துகிறது என்று பார்ப்பார். கருவியில் எந்த ஒட்டும் பூஜ்யம் புள்ளி ஒன்றைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அட்டை கிடையாது. ஒட்டு மெஷினே பாய் தவணையில் வாங்கி வைத்திருந்தது, அதையும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். தொழிற்சாலையோ, வருவதாக இருந்தால் திங்கட்கிழமை ராத்திரி ஷிப்டுக்கு வரலாம் என்று சொல்லி வைத்திருந்தது.

அதற்கு முந்தைய நாள் வியாழக்கிழமை ஆயுத பூஜை.

பாய் முஸ்லிம், ஆனால் ஆயுத பூஜைக்கு வருஷா வருஷம் ஸ்டோரைத் திறந்து கொடுத்துவிட்டுப் போய்விடுவார். கேபிள் இழுக்கும் அப்புசாமிதான் பூசாரி. ஐம்பது வயது, இரண்டு ஆள் உயரம், பேச்சு மூன்று ஆள் பேச்சு. அன்றும் வேனைக் கழுவி மாலை போட்டார், சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார், கடப்பாரை, மண்வெட்டி, ஏணி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துச் சாம்பிராணி காட்டினார். ஒட்டு மெஷினுக்கும் மூடியின்மேல் ஒரு பொட்டு வைத்தார். அதோடு அவர் வேலை முடிந்தது.

மெஷினின் மூடியைத் திறந்தது அப்புசாமி என்று இன்றைக்கும் சிலர் சொல்லுவார்கள். அவர் திறக்கவே இல்லை. திறந்தது மலர்க்கொடி.

"மூடியே இருந்தா சாமிக்கு உள்ள இருக்கிறது எப்படிண்ணே தெரியும்?" என்றாள்.

"அதுவும் சரிதான்," என்றார் அப்புசாமி.

ஆறு வருஷம் தொழிற்சாலை வாசலில் நெற்றித் திருநீற்றைக் கழுவிவிட்டு உள்ளே போனவள் அவள். ஒரு தூசி போதும், நூறு சிப் குப்பைக்குப் போகும் என்று புதுப் பெண்களுக்குப் பாடமே எடுத்தவள். அன்றைக்குப் பொட்டு வைத்த அந்த மெஷினைப் பார்த்த சந்தோஷத்தில் அதெல்லாம் ஆவியாகிப் போய்விட்டது. மோதிர விரலால் திருநீற்றைத் தொட்டு, குழந்தைக்குப் பூசுகிற மாதிரி உள்ளே மூன்று கோடு இழுத்தாள். சின்னதாக ஒரு சந்தனப் பொட்டு வைத்தாள். சாம்பிராணிக் கரண்டியை அப்புசாமியிடமிருந்து வாங்கி மூன்று சுற்றுச் சுற்றினாள். புகை சுகமாக உள்ளே போய்த் தங்கியது. மூடியை மூடி, அதைக் கும்பிட்டு, வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குக் கூடாரம் தயார். கேபிளைக் கிழித்து, பன்னிரண்டு நூலையும் மனதின் கொடியில் காயப்போட்டு, நீலத்தை எடுத்தாள். மேல்தோலை உரித்தாள், ஸ்பிரிட்டில் துடைத்தாள், முனையை நறுக்கினாள், இரண்டு பக்க நூலையும் மெஷினில் எதிரும் புதிருமாகப் படுக்கவைத்துத் திரையைப் பார்த்தாள்.

திரையில் முழு நிலா உதித்திருந்தது. நிலாவுக்குக் கீழே ஒரு நூல் மாடியில் நின்றது, மற்றது தரைத்தளத்தில் நின்றது. நடுவில் மூட்டை மூட்டையாக ஏதோ கிடந்தது.

"என்ன புள்ள, படம் ஓடுதா?" என்று அப்புசாமி தலையை உள்ளே நீட்டினார்.

மலர்க்கொடி மூடியைத் தூக்கிப் பார்த்தாள். நூல் படுப்பதற்கென்று மெஷினுக்குள் ஓடும் வாய்க்கால் நூலைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அது விளிம்பு வரை திருநீற்றால் தூர்ந்திருந்தது. நிலாவாகத் தெரிந்தது லென்ஸில் காய்ந்த சந்தனம்.

"அண்ணே, திருநீறு."

"சாமி திருநீறு எப்படிம்மா கெடுக்கும்? அது காப்பாத்துற பொருளாச்சே."

"காப்பாத்துது. நூல் உள்ள போகாம காப்பாத்துது."

"நான் வெளியதான் வச்சேன். அத இப்பவே சொல்லிக்கிறேன்."

"உங்கள யாருண்ணே கேட்டா?"

சந்தனம் ஈரப் பஞ்சுக்குச் சட்டென்று வந்துவிட்டது. மெஷினுக்குள் பொறி கிளப்பும், புகை படிந்த ஊசிகளில் நான்கைந்து தரம் வெறும் பொறியை விட்டாள், அதுவும் எரிந்து சுத்தமானது. வாய்க்காலில் இருந்த திருநீறுதான் அசையவில்லை. காது குடையும் பஞ்சுக்குச்சியை விட்டால் மேலேயே உருண்டது, போதாததற்குத் தன் பஞ்சையும் உள்ளே விட்டுவிட்டு வந்தது. பல்குச்சியின் உருண்டை முனை அடிவரை எட்டவில்லை. தையல் ஊசியை எடுத்தாள், கீறிவிடும் என்று கீழே வைத்தாள். இப்படியே மணி பத்தைத் தாண்டியது. வாக்கி டாக்கி கரகரத்தது. எக்ஸ்சேஞ்சில் ஹலிமோடு பாயும் இருந்தார். பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால்தான் அந்தப் பக்கத்துப் பேச்சு கேட்கும்.

"முதல் நூலக் காணோம். என்ன ஆச்சு? ஓவர்," என்று ஹலிம் மலாயில் கேட்டார்.

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். பேட்டரி என்று சொல்லியிருக்கலாம், மழை என்றுகூடச் சொல்லியிருக்கலாம். மலர்க்கொடிக்கு அதெல்லாம் வராது.

"என்சிக், மெஷினுக்குள்ள சாம்பல் போயிருச்சு. ஓவர்."

"சாம்பலா? சிகரெட்டா?"

"இல்ல என்சிக். பிரார்த்தனைச் சாம்பல். நேத்து மெஷினுக்குப் பிரார்த்தனை பண்ணோம்."

"எதுக்கு?"

"நல்லா ஒட்டணும்னு."

அந்தப் பக்கத்துக் கரகரப்பு சட்டென்று நின்றது. பொத்தானை விட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள் என்பது மலர்க்கொடிக்குப் புரிந்தது. திரும்பவும் குரல் வந்தபோது ரொம்ப மரியாதையாக இருந்தது.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை. பன்னண்டு மணிக்கு நானும் ஜைனுதீனும் தொழுகைக்குக் கிளம்பணும் லா. அதுவரைக்கும் இங்க உக்காந்திருக்கேன். ஓவர்."

"மலரு," என்று பாயின் குரல் குறுக்கே வந்தது, "எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குது, நீ ஒண்ணும் பதறாத."

மலர்க்கொடி கூடாரத்தை விட்டு வெளியே வந்து நின்றாள். பஞ்சைவிடக் கெட்டியாக வேண்டும், ஊசியைவிட மெத்தென்று வேண்டும். முனையை ஆப்பு மாதிரி சீவ வர வேண்டும், ஸ்பிரிட்டையும் கொஞ்சம் குடித்து வைத்துக்கொள்ள வேண்டும். அலோர் காஜாவில் அப்படி என்ன இருக்கிறது என்று ரோட்டை அந்த முனையிலிருந்து இந்த முனை வரை பார்த்தாள். எதிரே ஒரு மக்சிக், வயதான மலாய்க்காரம்மா, சாயங்காலம் சுட்டு விற்கும் சாத்தேக்கு இறைச்சி கோத்துக்கொண்டிருந்தார். மடியில் இறைச்சிச் சட்டி, பக்கத்தில் ஒரு கட்டுத் தென்னை ஈர்க்கு.

அவள் ரோட்டைத் தாண்டியபோது ஒரு லாரி பிரேக் போட்டதை அப்புசாமி பார்த்தார், அவள் பார்க்கவில்லை.

"மக்சிக், பத்துக் குச்சி தாங்க. இறைச்சி வேணாம்."

"இறைச்சி இல்லாத சாத்தேயா? எத்தன பேரு சாப்பிட?"

"பன்னண்டு பேரு. எல்லாரும் ரொம்ப ஒல்லி."

மக்சிக் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு கைப்பிடியே கொடுத்தார்.

நூல் உரிக்கும் பிளேடால் முதல் ஈர்க்கைச் சீவினாள், அது மொக்கை. இரண்டாவது நாக்கு மாதிரி வளைந்தது. மூன்றாவதில் தோல் பக்கத்தைக் கெட்டியாக விட்டு, உள்நாரை இரண்டு புறமும் சரிவாகச் சீவி, ஸ்பிரிட்டில் நனைத்து, மெஷினுக்குள் இறக்கினாள். திரையில் அந்த ஈர்க்கு ஒரு தென்னை மரம் அளவுக்குத் தெரிந்தது. மரம் மெதுவாக வந்து வாய்க்காலில் பொருந்தி உட்கார்ந்தது. ஒரே இழுப்பு. திருநீறு மூட்டை மூட்டையாக ஓரம் போனது.

பிற்பாடு மூவார் வரைக்கும் ஒட்டுக்காரர்கள் அந்த ஈர்க்கைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வந்த துடைப்பான்களைத் தொடாமல் வைத்துவிட்டு, "மலர் குச்சி" என்று கேட்டு வாங்கினார்கள். அதெல்லாம் பிறகு. அன்றைக்கு அது சாத்தே குச்சி, மணி பத்தரை.

"அண்ணே, வெளிய போங்க."

"ஏன்?"

"உங்க சட்டையெல்லாம் நேத்துத் திருநீறு. தும்மவும் போறீங்க."

"தும்ம மாட்டேன்," என்று சொல்லும்போதே அப்புசாமிக்குத் தும்மல் வந்தது. பத்தடி தள்ளிப் போய் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

நீலம் போனது. மெஷின் நூலைப் படுக்கவைத்துப் பார்த்தது, இரண்டு முனையும் நேருக்கு நேர் நின்றன. பொத்தானைத் தட்டினாள், ஊசி முனையில் பொறி ஒரு கணம் வெள்ளையாக எரிந்தது. இரண்டு நூலும் ஒன்றாகி, எங்கே ஒட்டியது என்றே தெரியாமல் போயிற்று.

"புள்ளி பூஜ்யம் மூணு," என்றார் ஹலிம்.

ஆரஞ்சு, புள்ளி பூஜ்யம் இரண்டு. பச்சை, புள்ளி பூஜ்யம் நான்கு. மலர்க்கொடிக்குக் கை தானாக ஓடியது. உரி, துடை, நறுக்கு, படுக்கவை, தட்டு. ஒவ்வொரு நூலுக்கும் நடுவில் வாய்க்காலில் ஈர்க்கால் ஓர் இழுப்பு. பழுப்பு, சாம்பல், வெள்ளை, சிவப்பு. கொடியிலிருந்து துணிகளை மழைக்கு முன்னால் உருவுகிற மாதிரி உருவிக்கொண்டு போனாள். வெளியே அப்புசாமி மூக்கைப் பிடித்தபடியே ஒவ்வொரு நிறத்தையும் ரோட்டுக்கு அறிவித்தார். மக்சிக் கோப்பதை நிறுத்திவிட்டு எழுந்து வந்து நின்றார். என்ன நடக்கிறது என்று தெரியாமலே அவரும் எண்ண ஆரம்பித்தார். போகிற வருகிற இரண்டு பேர், உள்ளே யாருக்கோ பிரசவம் என்று நினைத்து நின்றார்கள்.

கறுப்பு முடிந்து மஞ்சள்.

ஹலிம் இரண்டு தரம் அளந்தார். "மஞ்சள் புள்ளி மூணு ஒண்ணு," என்றார் ஹலிம். "தாண்டிருச்சு."

மணி பதினொன்று முப்பத்தைந்து. மலர்க்கொடிக்குத் திங்கட்கிழமை ராத்திரி ஷிப்ட் பஸ் கண்முன்னால் வந்து நின்று கதவைத் திறந்தது.

"என்சிக், வெட்டிட்டுத் திரும்ப ஒட்டலாமா?"

"வெட்டினா நூல் நீளம் குறையும். ஒரு தரம் வெட்டலாம். ரெண்டாந்தரம் நூல் பத்தாது."

அவள் மெஷினைக் குனிந்து பார்த்தாள். வாய்க்காலின் ஓரத்தில், முதலில் விட்ட காதுப் பஞ்சின் ஒரே ஓர் இழை இவ்வளவு நேரமும் ஒளிந்திருந்து இப்போது இறங்கி வந்திருந்தது. புது ஈர்க்கு ஒன்றை எடுத்தாள். அவசரப்படவில்லை. முன்பு சீவியதைவிட நிதானமாகச் சீவினாள். வெளியே அப்புசாமி எண்ணுவதை நிறுத்திவிட்டார், மக்சிக்கும் நிறுத்திவிட்டார். மஞ்சளை வெட்டினாள். மறுபடி உரித்து, துடைத்து, நறுக்கிப் படுக்கவைத்தாள். தட்டுவதற்கு முன் தொழிற்சாலையில் விட்ட மாதிரி ஒரே ஒரு மூச்சு விட்டாள்.

"புள்ளி பூஜ்யம் ஒண்ணு," என்றார் ஹலிம். பிறகு, "மலரு," என்று பாய் அழுகிற மாதிரி ஒரு குரல் கேட்டது, யாரோ அவரிடமிருந்து வாக்கி டாக்கியைப் பிடுங்குகிற சத்தமும் கேட்டது.

ஊதா போனது. ரோஜா போனது. மணி பதினொன்று ஐம்பத்தாறு. கடைசியில் அந்த யாருடையது என்று தெரியாத கடல்நீலத் துண்டு. அதை அவள் எப்படி ஒட்டினாள் என்பது அவளுக்கே பிறகு ஞாபகம் இல்லை. தட்டினாள், அவ்வளவுதான் தெரியும். பிறகு கறுப்புத் துணிமேல் கை இரண்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எக்ஸ்சேஞ்சில் ஹலிம் பன்னிரண்டையும் முதலிலிருந்து இன்னொரு தரம் அளந்தார். அவர் அப்படித்தான், அவசரமே தெரியாத மனிதர். பன்னிரண்டு அடிக்க ஒரு நிமிஷம் இருந்தபோது வாக்கி டாக்கி கரகரத்தது.

"பன்னண்டும் அளவுக்கு உள்ளதான் இருக்கு. அட்டைக்கு எழுதிட்டேன். ஸ்பிளைசர் மலர்க்கொடி, ஜாயிண்ட்ட மூடிரலாம். ஓவர்."

ஸ்பிளைசர் மலர்க்கொடி. எட்டு மாதத்தில் அந்தச் சொல்லும் அந்தப் பெயரும் ஒன்றாக வந்ததே இல்லை. அவள் பதில் சொல்லப் பொத்தானை அழுத்தினாள். வந்தது சிரிப்புதான். ஆறு வருஷம் மூச்சை எண்ணி விட்டவள், எண்ணாமல் சிரித்தாள். கூடாரமே குலுங்கியது. அப்புசாமி ஓடிவந்து, இனிமேல் பிடிக்க வேண்டியதில்லை என்று மூக்கை விட்டார், ஏழு தும்மல் வரிசையாகத் தும்மினார். மக்சிக் உள்ளே எட்டிப் பார்த்து, ஆம்பளப் பிள்ளையா பொம்பளப் பிள்ளையா என்று கேட்டார்.

"அண்ணே," என்றாள் மலர்க்கொடி சிரிப்புக்கு நடுவே, "அவரு என்னய எப்படிக் கூப்பிட்டாரு கேட்டீங்களா?"

"நான் தள்ளியில்ல நின்னேன். எப்படிக் கூப்பிட்டாரு?"

"இருங்க, திரும்பச் சொல்லச் சொல்றேன். என்சிக், இன்னொரு தரம் சொல்லுங்க. ஓவர்."

பதில் இல்லை. வாக்கி டாக்கியைக் காதோடு வைத்து, பிறகு முகத்துக்கு நேரே வைத்துக் காத்திருந்தாள். மறுபடியும், "ஓவர்" என்றாள். மூன்றாம் தரமும் சொன்னாள். எக்ஸ்சேஞ்சில் ஹலிம் செருப்பை மாட்டியபடி வாக்கி டாக்கியை வாய்க்கு நேராகப் பிடித்து, சொல்வதற்குத் தயாராகத்தான் நின்றுகொண்டிருந்தார். அவளோ பொத்தானிலிருந்து விரலை எடுக்கவே இல்லை.